புகை வராத புகையிலை

புகையிலை என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது சிகரட்தான். பள்ளிவாசலில் நடக்கும் விழிப்புணர்வுப் பேச்சும் பாடசாலைச் சுவரில் ஒட்டும் படமும் அதையே காட்டுகின்றன. ஆனால் பலாங்கொடை, இறக்குவானை, யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத் தோட்டங்களில் புகையிலையைப் பற்ற வைக்காமலே பாவிப்பவர்கள் ஏராளம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, அதோடு ஒரு துண்டுப் புகையிலை. கூறாக மடித்துக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டால் மலையில் பாதி நாள் ஓடிவிடும். புகை வராததால் இதை யாரும் புகையிலைப் பழக்கமாகக் கணக்கெடுப்பதில்லை.

2006-07 காலப்பகுதியில் ஹேமந்த அமரசிங்க உள்ளிட்ட ஆய்வாளர்கள் எமது சப்ரகமுவ மாகாணத்தில் 30 வயதைத் தாண்டிய 1,029 பேரின் வாயைப் பரிசோதித்தார்கள். பால், வசிப்பிடம் ஆகியவற்றுக்கு ஏற்பக் கணக்கைச் சரிசெய்தபோது, 11.3 வீதமானோரின் வாயில் பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றங்கள் இருந்தன. ஒன்பது பேருக்கு ஒருவர்! இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் விடயத்தின் கனம் புரியும்.

தெரிந்தும் ஏன் போடுகிறார்கள்? படிப்பறிவில்லாமை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவது எமக்கு வசதி. நான் அதை ஏற்பதில்லை. புகையிலையில் நிக்கொட்டின் இருக்கிறது. பாக்கில் அரிக்கோலின் இருக்கிறது. இரண்டும் உடலைத் தூண்டிவிடுபவை, இரண்டும் ஆளைப் பிடித்து வைப்பவை. சுண்ணாம்பின் காரம் இவற்றைக் கன்னத்துத் தோல் வழியாக விரைவாக இரத்தத்தில் சேர்க்கிறது. உடம்பு சூடாகிறது, பசி மந்தமாகிறது, அலுப்புத் தெரிவதில்லை. விடியற்காலைக் குளிரில் வெறும் தேநீரோடு மலையேறி, மழையில் நின்று கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு இவை மூன்றும் சின்ன விடயங்களா? நல்ல காலைச் சாப்பாடு செய்ய வேண்டிய வேலையை அந்தக் கூறு செய்கிறது. கொஞ்ச நேரத்தில் அதன் வேகம் இறங்கியதும் எரிச்சலும் தலைப்பாரமும் வருகின்றன. அவற்றை அடக்க அடுத்த கூறு. சிகரட்காரரின் கதையும் இதேதான். முதலில் இன்பத்துக்காக என்று தொடங்கியது, பிறகு முன்னைய சிகரட் உண்டாக்கிய தவிப்பைத் தீர்ப்பதற்காகவே தொடர்கிறது.

“நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் வெற்றிலை பாக்குத்தான்” என்று எமது வீடுகளிலும் உம்மும்மாமார் சொல்வதுண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் பாக்கைத் தனியாகவே புற்றுநோய்க் காரணியாக 2004இல் வகைப்படுத்திவிட்டது. வாய் இறுகி, சோற்றுக் கவளம் போகுமளவுக்குக்கூடத் திறக்க முடியாமல் போகும் நோய்க்கும் பாக்கே காரணம். ஆகவே புகையிலையை மட்டும் விட்டால் பாதி வழிதான்.

விட முடியுமா என்றால், எமக்கு ரமழானில் ஓர் ஆதாரம் இருக்கிறது. ஸஹரிலிருந்து மஃரிப் வரை 13 மணித்தியாலத்துக்கு மேல் கூறும் இல்லை, சிகரட்டும் இல்லை. நாள் முழுதும் விட முடியாதென்று சொல்பவர்தான் அதைச் செய்கிறார். இஃப்தார் முடிந்த கையோடு மீண்டும் போடுவதால் உடலின் தவிப்பு ஒவ்வோர் இரவும் புதுப்பிக்கப்படுகிறது, அவ்வளவுதான். அந்த இரவையும் கடந்தால் முதல் மூன்று நாட்கள் கடினம். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆசை எழும்பும்போது அது சில நிமிடங்களே நிற்கும். அந்த நேரத்துக்கு ஒரு கராம்போ ஏலக்காயோ வாயில் இருக்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும். தேநீருக்குப் பிறகு, கொழுந்து நிறுக்கும் இடத்தில், சாப்பாடு முடிந்ததும் என்று எந்த நேரத்தில் கை தேடுகிறதோ அந்த நேரத்துக்கு முன்கூட்டியே மாற்று வைத்திருக்க வேண்டும். மலைக்குப் போகுமுன் வயிற்றில் ரொட்டி ஒன்றாவது இருக்க வேண்டும். கூறை ஒதுக்கி வைத்துக்கொண்டே தூங்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்த வேண்டும். ஒருமுறை தவறினால் மறுபடி தொடங்கலாம், பலர் இரண்டு மூன்று முயற்சிகளுக்குப் பிறகே விடுகிறார்கள். புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் ஆலோசனை கிடைக்கும்.

இனி எம்மவர் கடைகள். தோட்டச் சந்திகளில் கடை வைத்திருப்பவர்களில் பலர் முஸ்லிம்கள். புகையில்லாப் புகையிலையையும் அது கலந்த பொருட்களையும் விற்பது 2016 செப்டெம்பர் முதல் இந்நாட்டில் தடை. 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை எதையும் விற்பதை 2006ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஆனாலும் பாடசாலைப் பிள்ளைகள்தான் வீட்டுக்குக் கூறு வாங்கப் போகிறார்கள். என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பென்சில் விலையைவிடக் கூறின் விலை நன்றாகத் தெரியும். நான் விற்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் விற்பார் என்ற பதிலைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பக்கத்துக் கடைக்காரரும் பெரும்பாலும் நம் ஜமாஅத்தில் ஒருவர்தானே? இருவரையும் ஒரு வெள்ளிக்கிழமை உட்கார வைத்துப் பேச நிர்வாகத்தால் முடியாதா?

இப்போது போடுபவர்கள் வீட்டில் கண்ணாடி முன் வாயைத் திறந்து பார்க்கட்டும். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் கீழ். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், உறைப்புப் பட்டால் எரிச்சல், மூன்று விரலை நெடுக்காக வைக்குமளவு வாய் திறக்காமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அரச வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். பரிசோதனை இலவசம். ஆனால் தோட்டத் தொழிலாளிக்கு அன்றைய நாட்சம்பளம் போய்விடும், பலர் போகாமல் இருப்பதும் அதனால்தான்.