எதிர்மூலைத் தொலைபேசி

பெட்ரோல் பங்க்குக்கு ஒரு காட்சியகமா? மன்னன் படுத்த கட்டிலுக்கு உண்டு, தளபதி ஏந்திய வாளுக்கு உண்டு. டயருக்குக் காற்றடித்த கடைக்குமா என்று கேட்பீர்கள். உண்டு, தோழர்களே! அமெரிக்காவில், ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரில், சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியின் எதிர்மூலையில் நிற்கிறது அந்த மக்னோலியா பங்க்.

வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பருக்கு ஒரு பள்ளி என்பது செல்லாது என 1954இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு தாளில் இருந்தது. வாசலிலோ துப்பாக்கி இருந்தது! 1957 செப்டம்பரில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் சென்ட்ரலில் சேர வந்தபோது, கவர்னர் ஃபாபஸ் மாநிலப் படையை நிறுத்தினார். அமைதி காக்கவாம்! யாருடைய அமைதியை?

பிள்ளைகளைத் திரட்டியவர் டெய்சி பேட்ஸ் அம்மையார். நம்மைப் போல் பத்திரிகை நடத்தியவர். இந்தப் போராட்டத்தால் விளம்பரம் வற்றி, 1959இல் அந்த ஏடு நின்றே போயிற்று. எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து போவோம் என்று முதல்நாள் இரவு அவர் வீடுவீடாகத் தொலைபேசியில் சொன்னார். எலிசபெத் எக்ஃபோர்டின் வீட்டில் தொலைபேசி இல்லை. அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணுக்குச் சேதி போகவில்லை.

செப்டம்பர் 4 காலை. புதுச்சட்டை, கையில் புத்தகம். பஸ்ஸை விட்டு இறங்கித் தன்னந்தனியே நடந்தாள். வெள்ளைப் பிள்ளைகளுக்கு விலகிய சிப்பாய்கள் அவளுக்கு மட்டும் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினர். பின்னால் ஒரு கூட்டம், ‘கொல்லு’ என்ற கூச்சலோடு. பஸ் நிறுத்தத்துப் பலகையில் போய் அமர்ந்தாள் அந்தக் குழந்தை.

நிருபர்களோ எதிர்மூலைப் பங்க்குக்கு ஓடினார்கள். அங்கே ஒரு தொலைபேசி இருந்தது! லிட்டில் ராக் தெருவில் நடந்ததை நாட்டுக்கும் உலகுக்கும் சொன்ன கம்பிகளில் அதுவும் ஒன்று. ஒரு வீட்டில் தொலைபேசி இல்லாததால் ஒருத்தி தனியே வந்தாள். ஒரு கடையில் அது இருந்ததால் அவள் கதை ஊமையாகவில்லை. ஏழைக்கு நேர்வது பெரும்பாலும் இப்படித்தான்: கொள்கை மட்டுமல்ல, ஒரு கருவி இல்லாததும் அவன் தலையெழுத்தாகிவிடுகிறது.

உலகம் பார்த்தது, ஐசன்ஹோவர் அசைந்தார். தரைப்படையின் 101ஆம் வான்வழிப் பிரிவு வீரர்களை அனுப்பினார். செப்டம்பர் 25 அன்று ஒன்பது பேரும் உள்ளே போனார்கள். கவர்னர் ஓய்ந்தாரா? அடுத்த ஆண்டு ஊரின் உயர்நிலைப் பள்ளிகளையே பூட்டினார்! கறுப்பனோடு படிப்பதைவிட வெள்ளையனும் படிக்காமல் கெடட்டும் என்ற பெருந்தன்மை!

நாற்பதாம் ஆண்டில், 1997இல், பங்க்கைப் புதுப்பித்துச் சிறு காட்சியகமாக்கினர். 2007இல் பெரிய கட்டடம் ஒன்று அருகே எழவே, காட்சிப் பொருள்கள் அங்கே போயின. பங்க் 1957இன் கோலத்திலேயே காக்கப்படுகிறது. எதிரே சென்ட்ரல் இன்றும் பள்ளிக்கூடம்தான். எலிசபெத் அமர்ந்த பலகையைப் போல ஒன்றை 2018இல் அதே தெருவில் வைத்தபோது, அந்தப் பள்ளியின் மாணவர்களும் அந்த வேலையில் கைகொடுத்தார்கள்.