ஆள்நுழைவுக் குழியும் ஆள் வடிவ எந்திரமும்



மனித வடிவ ரோபோக்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், தலித் இலக்கிய மேடையில் இதற்கு என்ன வேலை என்று சில மாணவர்கள் கேட்டார்கள். அந்தச் சொல்லே பதில் சொல்கிறது. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தில்தான் ரோபோ என்ற சொல் பிறந்தது. எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் பண்ணையடிமை நிலவுடைமையாளனுக்குக் கூலியில்லாமல் செய்து தீரவேண்டிய வேலை. நம் ஊரில் அதற்கு வெட்டி வேலை என்று பெயர்.

2000இல் ஹோண்டாவின் 'அசிமோ' நடந்து காட்டியபோது உலகம் வியந்தது. 2025 ஏப்ரலில் பெய்ஜிங்கில் ரோபோக்கள் அரை மாரத்தானே ஓடின. முதலில் வந்தது 2 மணி 40 நிமிடத்தில் முடித்தது. எந்திரத்துக்கு எதற்கு மனித உருவம்? படிக்கட்டு, கதவு, கைப்பிடி, சுத்தியல் என உலகமே மனித உடலின் அளவுக்குக் கட்டப்பட்டிருக்கிறது, அதனால் அந்த உடலைப் போன்ற எந்திரமே எங்கும் பொருந்தும் என்கிறார்கள் பொறியாளர்கள். சரியான வாதம்தான். ஆனால் எந்த மனிதரின் உடல்? சாக்கடை மூடிக்கு நம் நகராட்சிகள் வைத்திருக்கும் பெயர் 'ஆள்நுழைவுக் குழி'. அதன் வாயும் ஓர் உடல் நுழையும் அளவுக்குத்தான் இருக்கிறது. நுழைய வேண்டிய ஆள் யார் என்பதைச் சாதி முன்பே தீர்மானித்துவிட்டது.

அந்தக் குழிக்கு மனித வடிவ ரோபோ வரும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. கேரளத்து இளம் பொறியாளர்கள் உருவாக்கிய 'பாண்டிகூட்' 2018இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. அதே ஆண்டு கும்பகோணத்துக்கும் வந்தது. அதற்கு முகமும் இல்லை, நடையும் இல்லை. குழியின் வாயைச் சுற்றிக் கால்களை ஊன்றி நிற்கும். கேமராவோடு ஒரு கை உள்ளே இறங்கிக் கசடை அள்ளும். தொழிலாளி மேலே நின்று திரையைப் பார்த்து இயக்குகிறார். அவருக்கு மூச்சு முட்டாது. இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

கருவி இருக்கிறது. 1993இலும் 2013இலும் சட்டம் வந்தது. குழிக்குள் இனி எந்திரம்தான் இறங்கும் என்று 2023 ஒன்றிய பட்ஜெட் உரை சொன்னது. சாக்கடை மரணத்துக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் பத்து லட்சம் இழப்பீடு என்றது, 2023இல் முப்பது லட்சம் என்றது. தொகை ஏறியதே தவிர சாவு நிற்கவில்லை. எந்திரத்துக்கு விலை உண்டு, பழுது பார்க்கும் செலவு உண்டு. ஒப்பந்ததாரரின் கணக்கில் நம் பிள்ளை அதைவிட மலிவு.

இதனால் எந்திரமே வேண்டாம் என்று யாராவது சொன்னால், அம்பேத்கரை நினைவூட்டுங்கள். 1945இல் வெளியான நூலில், எந்திரத்தின்மீது காந்திக்கிருந்த வெறுப்பை அவர் கடுமையாக மறுத்தார். உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும், ஓய்வில்லாமல் பண்பாடு இல்லை, அந்த ஓய்வை எந்திரமே தரமுடியும் என்பது அவர் வாதம். கோளாறு எந்திரத்தில் இல்லை, அதன் பலனைச் சிலருக்கே ஒதுக்கும் சமூக அமைப்பில் இருக்கிறது என்றார்.

மனித வடிவ ரோபோ முதலில் போவது கூலி அதிகமுள்ள இடத்துக்கு. அமெரிக்கக் கார் தொழிற்சாலைகளில் சோதனை தொடங்கிவிட்டது. கூலி மலிவான இடங்களுக்கு வேறொரு வேலை வந்திருக்கிறது: அந்த ரோபோக்களுக்குப் பாடம் நடத்துவது. நம் கரூரிலேயே இளைஞர்கள் நெற்றியில் கேமராவைக் கட்டிக்கொண்டு நாளெல்லாம் துண்டு மடிக்கிறார்கள். கை எப்படி நீள்கிறது, துணியை எங்கே பிடிக்கிறது என்பதெல்லாம் பதிவாகிறது. அதைப் பார்த்து எங்கோ ஒரு ரோபோ மடிக்கப் பழகும்.

அவர்களுக்குச் சம்பளம் கிடைக்கிறது. ஆனால் பாட்டன் காலத்திலிருந்து கைக்குள் சேர்த்துவைத்த திறமை கேமரா வழியாக வெளியேறிவிட்ட பிறகு, அது யாருடைய சொத்து? சாக்கடைக் குழியின் அருகில் நின்று 'பாண்டிகூட்'டை இயக்குகிறவர் நிரந்தரப் பணியாளரா, தினக்கூலியா? அடுத்த முறை உங்கள் நகராட்சி அலுவலகத்துக்குப் போகும்போது, எந்திரம் எங்கே நிற்கிறது என்பதோடு இதையும் எழுதிக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுவுக்குப் பத்து ரூபாய்தான்.