வெட்டிய படமும் பறவையின் மெய்யுருவும்

மத்திய மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களிலே பறவைகளைப் படம்பிடிக்க முயல்வோர்க்குத் தூரமும் மூடுபனியும் இரு பெருந்தடைகளாகும். அட்டன் பகுதித் தோட்டங்களின் நிழல்மரக் கிளையிலோ, நுவரெலியா விக்டோரியாப் பூங்காவின் இருண்ட புதரிலோ அமரும் சிறு பறவை, படத்தின் நடுவே ஒரு புள்ளியாகவே பதிகின்றது. சூழவுள்ள பகுதியை வெட்டி நீக்கிப் பறவையைப் பெரிதாக்கினால் உருவம் சிதைகின்றது. அச்சிதைவைக் கணினியின் துணையால் எவ்வளவு சீர்செய்யலாம், எவ்விடத்தில் நிறுத்தல் வேண்டும் என்பவை ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் கணக்கைக் காண்போம். அகலத்தில் 6000, உயரத்தில் 4000 என அமைந்த படத்தில் 2 கோடியே 40 இலட்சம் பிக்சல்கள் உள. அதிலிருந்து 1500க்கு 1000 என்னும் பகுதியை வெட்டியெடுத்தால் எஞ்சுவன 15 இலட்சமே; அஃதாவது பதினாறில் ஒரு பங்கு. அங்குலத்திற்கு 300 பிக்சல் வீதம் அச்சிட்டால் 20 அங்குல அகலம் பெறவேண்டிய படம் 5 அங்குலமாகக் குறுகிவிடும்.

இரண்டாவது இடர் ஒளிக்குறைவால் வருவது. மங்கிய வேளையில் கருவியினுள் விழும் ஒளித்துகள்கள் சிலவே. அவையும் ஒரே சீராக விழுவதில்லை. ஆதலின் ஒரே நிறமுள்ள இடத்திலும் மணல் தூவினாற்போலப் புள்ளிகள் தோன்றுகின்றன. பெரிதாக்குங்கால் பறவையோடு இப்புள்ளிகளும் பெரிதாகின்றன.

இவற்றிற்குப் பரிகாரம் உண்டு. படத்தை 'ரா' எனப்படும் மூலக்கோப்பாகப் பதிதல் நன்று. 14 பிட் பதிவில் ஒவ்வொரு பிக்சலும் 16,384 ஒளிப்படிகளைக் கொள்ளவல்லது. வழக்கமான ஜேபெக் கோப்பிலோ ஒரு நிறத்திற்கு 256 படிகளே உள. எனவே நிழலில் மறைந்த இறகின் நிறத்தை மூலக்கோப்பிலிருந்து மீட்பது எளிது. அடுத்து, நிறப்புள்ளிகளை முதலிலும் ஒளிப்புள்ளிகளைப் பின்னரும் அளவோடு தணித்தல் வேண்டும். மிகையாகத் தணித்தால் இறகின் வரிகளும் அழிந்து, பறவை மெழுகுப் பொம்மையாகிவிடும். விளிம்புகளைக் கூர்மையாக்குதல் இறுதியில், பறவையின்மீது மட்டும் நிகழவேண்டியது. படத்தைச் சிறிய அளவில் அச்சிட்டு அமைவதும் சிறந்த வழியே.

எனினும், இத்திருத்தங்களுக்கு ஓர் எல்லை உண்டு. இமயமலைச் சாரலில் இனம்பெருக்கிக் குளிர்காலத்தில் நுவரெலியாவை நாடிவரும் காஷ்மீர் ஈப்பிடிப்பானை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 13 சென்றிமீற்றர் நீளமுள்ள இச்சிறு பறவையின் ஆணுக்குச் செம்மஞ்சள் நிறத் தொண்டையும் மார்பும், அவற்றின் இருமருங்கும் கறுப்புக் கரையும் உண்டு. இதனை நிகர்த்த செம்மார்பு ஈப்பிடிப்பானுக்கு அக்கரை இல்லை. கூர்மையாக்கும் முறையோ, இரு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் இருண்ட பக்கத்தை மேலும் இருட்டாக்கும் இயல்பினது. மிகையாகச் செய்தால் இல்லாத கரை தோன்றலாம். புள்ளிகளை மிகையாகத் தணித்தால் உள்ள கரை மறையலாம். இனத்தை உணர்த்தும் அடையாளமே இவ்வாறு பொய்த்துப்போகும்.

செயற்கை நுண்ணறிவால் படத்தைப் பெருப்பிக்கும் மென்பொருள்களில் இவ்விடர் இன்னும் மிகுதி. அவை எண்ணிறந்த பிற படங்களிற் பயின்றவற்றைக்கொண்டு விடுபட்ட இறகுகளை ஊகித்து வரைகின்றன. அவ்விறகு காண்பதற்கு அழகியதாயினும், அன்று அக்கிளையில் அமர்ந்திருந்த பறவையினுடையதன்று. சுவரில் மாட்டும் படத்திற்கு அது பொருந்தலாம். 'இப்பறவை இங்கு வந்தது' என்று சான்று கூறும் படத்திற்குப் பொருந்தாது.

ஆகவே, திருத்திய படத்தோடு மூலக்கோப்பையும் பேணிவைத்தலும், செய்த திருத்தங்களைக் குறித்துவைத்தலும் இன்றியமையாதன. ஒளி எழுதியதைத் துலக்குவது திருத்தம். எழுதாததைச் சேர்ப்பது புனைவு. மங்கிய படமும் உண்மையுடையதாயின், பின்வரும் ஆராய்ச்சியாளர்க்கு அதுவே உறுதுணையாகும்.