காலத்தைக் காட்டும் படம்

ஊர்களைக் காட்டும் படத்தை யாவரும் அறிவோம். அவ்வூர்களின் காலத்தையும் காட்டும் படம் அரிது. அத்தகைய படமொன்றை நாமே ஆக்கலாம். நாசரேத்திற்கு வடகிழக்கே, தாமிரபரணி கடலொடு கலக்கும் பகுதியின் படத்தை எடுத்துக்கொள்க. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் தாலமி முத்துக்குளிப்புக்குரிய துறையாகக் குறித்த கொற்கைக்கு எதிரே 2 என்று எழுதுக. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ வருணித்த காயலாகிய பழையகாயலுக்கு 13 என்றும், 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கோட்டை கட்டிய புன்னைக்காயலுக்கு 16 என்றும் எழுதுக. எண் ஏற ஏறத் துறை கடலை நோக்கி நகர்வது புலனாகும்.

காரணம் யாது? ஆறு கொணர்ந்த வண்டலே கடலைப் பின்னுக்குத் தள்ளியது. கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் விலகி, வயல்களினிடையே இருக்கிறது. வணிகர் இழந்த துறை உழவர்க்கு விளைநிலமாயிற்று.

ஆதலின், ஆற்றோர நிலத்தை ஈடுகாட்டிக் கடன் கோருவோரும் கொடுப்போரும், தம் கையிலுள்ள புலப்படம் எவ்வாண்டில் வரையப்பெற்றது என்பதை முதற்கண் நோக்குதல் நலம்.