மந்துக்குப் போகும் முன்

நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் படைப்புக் கதையில் எருமைதான் முதலில் வருகிறது, மனிதன் பிறகுதான். மண்ணுக்குள்ளிருந்து எருமைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்தன. கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர்தான் முதல் தோடர். அவர்களின் மந்து ஒன்றைப் பார்க்கப் போகிறவர் இந்தக் கதையை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும், அங்கே கண்ணில் படுவதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

மந்து என்பது தோடர் குடியிருப்பு. தெரு, கடை, டீக்கடை பெஞ்சு என்று எதையும் அங்கே தேட வேண்டாம். புல்வெளிச் சரிவில் சில வீடுகள், கல்லடுக்கிய எருமைத் தொழுவம், அருகே ஓர் ஓடை, பின்னால் சோலைக்காடு, அவ்வளவுதான். தோடர்கள் எல்லோரையும் சேர்த்தாலே சுமார் 2,000 பேர்தான் இருப்பார்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவின் மேல்புறத்திலேயே ஒரு மந்து இருக்கிறது. பூங்காவைச் சுற்றிவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது அதைத்தான். மற்றவை மலையெங்கும் சிதறிக் கிடக்கின்றன.

படங்களில் வரும் அரைப்பீப்பாய் வடிவப் புல்வீடுகள் இப்போது குறைவு. மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டி, புல் வேய்ந்து, தவழ்ந்து நுழையும் அளவுக்கு வாசல் வைத்த வீடுகள் அவை. இன்று பெரும்பாலானோர் சாதாரண சிமென்ட் வீடுகளில் இருக்கிறார்கள். இதைக் கண்டு ஏமாந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நாம் படம் எடுப்பதற்காக ஒரு குடும்பம் நீலகிரிக் குளிரில் சிரமப்பட வேண்டுமா என்ன?

பழைய வடிவம் மாறாமல் நிற்பது பால் கோவில்தான். தோடர்களின் கோவிலும் பால் பதனிடும் இடமும் ஒன்றே. புனித எருமைகளின் பாலைக் கறப்பதும், கடைந்து வெண்ணெய் எடுப்பதும், நெய் உருக்குவதும் பூசாரியின் வேலை. அதற்கென்று அவர் தனித் தூய்மை முறைகளைக் கடைப்பிடிக்கிறார். வெளியார் உள்ளே போக முடியாது. தோடர் பெண்களும் போவதில்லை. இந்தக் கடைசி விஷயம் பலருக்கு உறுத்தும், எனக்கும் உறுத்துகிறது. ஆனால் அதைப் பேச வேண்டியவர்கள் அந்த மந்தில் வாழும் பெண்கள். ஒரு மணி நேரம் வந்து போகிற விருந்தாளிக்கு அங்கே வழக்காட உரிமை இல்லை. கோவிலைச் சுற்றிக் கல் அடுக்கியிருந்தால் அதற்கு வெளியே நில்லுங்கள். படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

பேச்சுக்குச் சிரமமே இல்லை, தமிழிலேயே பேசலாம். ஆனால் அவர்கள் தங்களுக்குள் பேசும்போது சற்றுக் காது கொடுங்கள். தோடர் மொழி தமிழுக்கு உறவான திராவிட மொழிதான். ஆனாலும் அதில் நாக்கு அதிரும் ரகரம் மட்டும் மூன்று இடங்களில் பிறக்கிறது. மொழியியலாளர் எமனோ இந்த மொழியையும் இதன் பாடல்களையும் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1971இல் அந்தப் பாடல்களைப் பெரிய நூலாக வெளியிட்டார்.

வீட்டு வாசலில் பெண்கள் துணியும் ஊசியுமாக உட்கார்ந்திருந்தால் அவசரப்படாமல் பாருங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக இழை ஓடும். துணியில் கோடு வரைவதில்லை, சட்டம் மாட்டுவதில்லை. நெசவின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசி ஏறி இறங்கும். முடிந்த பிறகு தைத்தது போலத் தெரியாது, நெய்தது போலவே தெரியும். இந்த வேலைப்பாடு கொண்ட போர்வைதான் பூத்துக்குளி. விழாவுக்கு உடுத்துவதும் இதுதான், இறந்தவரைப் போர்த்தி அனுப்புவதும் இதுதான். 2013இல் தோடர் பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்குவதானால் தைத்தவரிடமே வாங்குங்கள். ஒரு போர்வைக்குப் பின்னால் வாரக்கணக்கான உழைப்பு இருக்கிறது. தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.

சில நடைமுறைகள். நீலகிரிக்குள் வண்டியில் நுழைய 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். காட்டுக்குள் இருக்கும் மந்துகளுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். முதலில் ஊட்டியை அடுத்த முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மைய அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டால் நல்லது. தோடர்களோடு கோத்தர், குறும்பர் போன்ற அண்டை மக்களையும் அங்கே அறிந்துகொள்ளலாம். டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ முத்தநாடு மந்தில் மொற்பர்த் பண்டிகை நடக்கும். ஆண்கள் பூத்துக்குளி போர்த்தி வட்டமாக நின்று ஆடுவார்கள், இளைஞர்கள் கனத்த உருண்டைக் கல்லைத் தோளுக்குத் தூக்குவார்கள்.

கிளம்பும் முன் கோவில் கூரையை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். அதை வேயும் புல் மலைச் சதுப்புகளில் வளர்வது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே இங்கே புல்வெளிகளில் சீகையும் யூகலிப்டஸும் நட்டார்கள், தேயிலையும் காய்கறியும் பரவின, அணைகள் வந்தன. எருமை மேய்ந்த இடமும் புல் அறுத்த சதுப்பும் சேர்ந்தே சுருங்கின. அதனால் கூரையைப் புதுப்பிக்கும் காலம் வந்தால், அந்தப் புல்லைத் தேடி அவர்கள் வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது.