கடலை நெருங்க நெருங்க ஒடுங்கும் ஆறு

முக்கொம்பில் காவிரியைப் பார்த்தவர்கள் பூம்புகாரில் அதே ஆற்றைக் கண்டால் நம்பமாட்டார்கள். அங்கே அகண்ட காவிரி. இங்கே கடலில் கலக்கும்போது ஒரு பெரிய வாய்க்கால் அளவுதான். பல ஆறுகள் கடலை நெருங்க நெருங்க விரியும். இது ஒடுங்கும். ஏன் என்று புரிந்துகொள்ளக் கல்லணையிலிருந்து கரையோடு கரையாகப் போவதைவிட நல்ல வழி இல்லை. சைக்கிளில் மூன்று நாள் போதும். நடப்பவர்கள் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம்.

மிதிப்பதற்குச் சுலபமான நிலம் இது. கல்லணை கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தில் அந்த உயரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாத சரிவு. தண்ணீருக்கு மட்டும் தெரியும்.

பயணம் கல்லணையில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. முக்கொம்பில் வடக்கே கொள்ளிடமும் தெற்கே காவிரியுமாகப் பிரியும் ஆறு, ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கிவிட்டு, கிழக்கு முனையில் மறுபடி பக்கத்தில் வந்து நிற்கிறது. கொள்ளிடம் பள்ளம், நேராகக் கடலுக்குப் போவது. விட்டுவிட்டால் காவிரித் தண்ணீரெல்லாம் அதில் சரிந்துவிடும். அந்தச் சரிவை மறித்துப் போட்டதுதான் கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை. மணல் படுகையில் பாறைகளைப் போட்டு, அவை புதையப் புதைய மேலே அடுக்கிக்கொண்டே போன வேலை. மணலில் எப்படி அஸ்திவாரம் போடுவது என்பதை ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கற்றுக்கொண்டது இங்கேதான். பிறகு அவர் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டினார். 1836-ல் முக்கொம்பில் மேலணை எழுப்பியவரும் அவரே. அவருக்குக் கல்லணையில் சிலை வைத்திருப்பது முற்றிலும் நியாயம்.

கல்லணையில் தண்ணீர் நான்கு வழியாகப் போகிறது: கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, அப்புறம் மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-ல் வந்த கல்லணைக் கால்வாய். கடைசியாகச் சொன்னதைத் தஞ்சாவூர்க்காரர்கள் இன்றும் 'புது ஆறு' என்றுதான் சொல்கிறார்கள்.

அணையைத் தாண்டிக் காவிரிக் கரையில் இறங்கியதும் காட்சி மாறுகிறது. கரை மேடாக இருப்பதால் ஒரு பக்கம் ஆறும் மறுபக்கம் வயலும் கீழே கிடக்கின்றன. ஆற்றை ஒட்டிய படுகையில் வாழை, மூங்கில், நாணல். வெள்ளத்தைத் தடுக்க எழுப்பிய இந்தக் கரை, மதகு திறக்கும் லஸ்கர்களும் வயலுக்குப் போகிறவர்களும் நடந்து நடந்து பாதையாகிவிட்டது. சில இடங்களில் தார்ச்சாலை, சில இடங்களில் வெறும் செம்மண், சில இடங்களில் முள் மண்டி வழியே இருக்காது. அப்போது ஊருக்குள் இறங்கிச் சுற்றித்தான் மறுபடி கரை ஏற வேண்டும். சுற்றியதில் நஷ்டம் எதுவும் இல்லை. அந்த ஊரிலும் ஒரு கோயிலும் குளமும் டீக்கடையும் இருக்கும்.

திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டி பிரிகிறது. கேள்விக்கு விடை கிடைக்கத் தொடங்குவது இங்கேதான். தலைப்பு மதகைப் பார்த்துவிட்டு மேலே போனால், கொஞ்ச தூரத்துக்கு ஒரு தலைப்பு வந்துகொண்டே இருக்கும். அரசலாறு, மண்ணியாறு, வீரசோழன், விக்கிரமன் என்று காவிரி தன்னைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே போகிறது. காரில் போகிறவருக்கு இவை பத்து விநாடியில் கடக்கும் பாலங்கள். சைக்கிளை நிறுத்தி, மதகின் ஷட்டர் எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறவருக்கு அது ஒரு தாலுகாவின் சம்பா.

திருவையாற்றில் ஒரு முழு நாள் தங்குவது நல்லது. தியாகராஜர் 1847-ல் மறைந்த ஊர். தை மாத ஆராதனைக் கூட்டத்தைத் தவிர்த்து வேறொரு நாள் மாலையில் போனால் சமாதியும் ஆறும் அமைதியாகக் கிடைக்கும். அந்தச் சமாதிக்கு 1920-களில் கோயில் எழுப்பியவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். பெண்களுக்கு ஆராதனையில் பாட இடம் கொடுக்காத காலத்தில், தன் சொத்தையெல்லாம் போட்டுக் கட்டினார். 1952-ல் மறைந்த அவருடைய சமாதியும் அருகிலேயே தியாகராஜரைப் பார்த்தபடி இருக்கிறது. அங்கே ஒரு நிமிஷம் நிற்காமல் வருபவர்கள் பாதிக் கதையைத் தவறவிடுகிறார்கள். கிளம்பும் முன் பாசிப்பருப்பில் கிண்டிய அசோகா அல்வா சாப்பிட்டுவிட்டால் கும்பகோணம் வரை பசிக்காது.

வழியில் சுவாமிமலை. இங்கே ஆறு கலையாகவே மாறியிருக்கிறது. ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். விரல் நகத்தின் கோடுவரை பிடித்துக்கொள்ளும் அளவுக்கு மண் நைசாக இருக்க வேண்டும். ஒவ்வொரு அச்சும் உடைக்கப்படுவதால், ஒரே அச்சில் இரண்டாவது சிலை கிடையாது.

கும்பகோணத்தில் படித்துறைகள் வரிசையாக வருகின்றன. 1854-ல் தொடங்கிய அரசு கல்லூரியும் காவிரிக் கரையில்தான். உதவித்தொகையோடு 1904-ல் அங்கே சேர்ந்த ராமானுஜன் கணக்கைத் தவிர மற்றதில் தேறாமல் அதை இழந்தார். சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டை இப்போதும் பார்க்கலாம். படித்துறைகளின் நிலைதான் மனதைப் பிசைகிறது. ஆடிப்பெருக்கன்று காதோலை கருகமணியோடு பெண்கள் இறங்கும் அதே படிகளில் மற்ற நாட்களில் பிளாஸ்டிக் குப்பை. குளித்த, துவைத்த, திதி கொடுத்த, கதை பேசிய இடம் அது. ஒரு ஊர் ஆற்றை முகம் பார்த்து வாழ்ந்ததற்கு மிச்சமிருக்கும் சாட்சி.

எப்போது போகலாம்? மேட்டூரில் தண்ணீர் இருந்தால் ஜூன் 12-ல் திறப்பார்கள். ஜனவரி 28-ல் மூடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை கரையைச் சேறாக்கிவிடும். ஆவணி, புரட்டாசியிலும், அறுவடை நடக்கும் தையிலும் போவது உத்தமம். மதகுகளின் அருகில் மட்டும் எக்காரணம் கொண்டும் குளிக்க இறங்கக் கூடாது. மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீர் கீழே சுழல்கிறது. நீச்சல் தெரிந்தவர்களையும் அது விடுவதில்லை.

மயிலாடுதுறையில் ஐப்பசி முழுக்கு நடக்கும் துலாக்கட்டத்தைத் தாண்டினால் ஆறு வெளிப்படையாகவே மெலிகிறது. மேலையூரில் கடைசித் தடுப்பு. அதற்கும் அப்பால் பூம்புகார்; பக்கத்திலுள்ள கீழையூரில் செங்கல்லால் கட்டிய பழைய படகுத்துறை ஒன்றை அகழாய்வில் கண்டெடுத்தார்கள். கப்பல் வந்த ஊர். இன்று முகத்துவாரத்தில் கட்டுமரங்களும் ஃபைபர் படகுகளும் நிற்கின்றன. ஆற்றின் இந்தக் கரையில் சைக்கிளைச் சாய்த்து வைத்தவர், எதிர்க்கரையில் வலையைச் சரிபார்க்கும் மீனவரிடம் குரலை உயர்த்தாமலே அன்றைய மீன் என்ன என்று விசாரிக்கலாம். அவ்வளவுதான் அகலம்.