28 எழுத்துகளில் ஒரு சொல்

மக்ரிபுக்குப் பின் நடைபெறும் வகுப்பில் ஓதி முடித்த மாணவன் ஒருவன் எழுந்து செல்லாமல் அமர்ந்திருந்தான். ஆங்கில வகுப்பில் கரும்பலகையிலிருந்த ஒரு சொல்லைப் படிக்கத் திணறியபோது எல்லோரும் சிரித்தார்களாம். இனி எழுந்து வாசிக்கப் போவதில்லை என்றான். எழுதிக் காட்டச் சொன்னேன்: ‘ஆன்ட்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம்’. எண்ணிப் பார்த்தோம்; ஆங்கிலத்தில் 28 எழுத்துகள்.

“ஹஜ்ரத், இதை யாராவது பேசுவார்களா?”

நியாயமான வினா. நீளத்திற்காகவே பெயர்பெற்ற சொல் இது. பேச்சில் வருவது அரிது. ஆயினும் பொருளற்றதன்று.

நடுவிலிருப்பது ‘எஸ்டாப்ளிஷ்’, அதாவது நிலைநிறுத்து. ‘மென்ட்’ சேர, நிலைநிறுத்தப்பட்ட அமைப்பு. இங்கே அரசோடு பிணைந்த திருச்சபை. ‘டிஸ்’ அப்பிணைப்பை நீக்குவது. ‘ஆன்ட்டி’ அந்த நீக்கத்தை எதிர்ப்பது. ‘ஏரியன்’ அக்கருத்தினர், ‘இசம்’ கொள்கை. அயர்லாந்தில் மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர்; அரசுத் திருச்சபையோ ஆங்கிலிக்கன். 1869ஆம் ஆண்டுச் சட்டம் அப்பிணைப்பை அறுத்தது. 1871இல் நடைமுறைக்கு வந்தது. வேல்சுக்கு 1914இல் சட்டம் பிறந்தும், போர் குறுக்கிட்டதால் 1920 வரை காத்திருக்க நேர்ந்தது. இங்கிலாந்தில் அப்பிணைப்பு இன்றும் நீடிக்கிறது.

‘மக்தப்’, ‘கிதாப்’, ‘காதிப்’ மூன்றிலும் ஒரே மூவெழுத்து வேரைக் கண்டெடுக்கும் நம் பிள்ளைகளுக்கு இத்தகைய பிரிப்பு புதிதன்று. அரபியில் வேருக்குள்ளேயே உயிரொலி மாறும். ஆங்கிலச் சொல்லோ இங்கே முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டு வளர்கிறது.

பொருள் விளங்கியும் அவன் நாவு புரளவில்லை. தமிழில் ஓரசையை மட்டும் ஓங்கி ஒலித்துப் பொருள் பிரிக்கும் வழக்கமில்லை. ஆகவே எல்லா அசைகளையும் ஒரே எடையில் உருட்டி, பாதியில் மூச்சு வாங்குகிறோம். இறுதி ‘இசம்’ என்பதை இரண்டாகக் கொண்டால் இச்சொல்லில் 12 அசைகள். ‘எஸ்டாப்ளிஷ்’ தனித்து நிற்கையில் அழுத்தம் ‘டாப்’ மீது விழும். ‘ஏரியன்’ வந்ததும் அதனைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். முதன்மை அழுத்தம் ‘டே’ மீது ஏறும். ‘பார்லிமென்ட்’ என்பதில் ‘பார்’ ஓங்கும். ‘பார்லிமென்டேரியன்’ என்பதில் ‘டே’. ‘லைப்ரரி’யில் முதலசை; ‘லைப்ரேரியன்’ என்றால் ‘ப்ரே’. நானும் பி.ஏ. முடிக்கும்வரை நூலகரை முதலசை அழுத்தியே அழைத்து வந்தேன்; பாவம், அவர் திருத்தியதில்லை.

முன்னிருந்து படிக்க வேண்டாம் என்றேன். ‘எஸ்டாப்ளிஷ்’ என்று தொடங்கி, பின்னொட்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ‘டே’யை ஓங்கச் செய்து, கடைசியாக ‘டிஸ்’, ‘ஆன்ட்டி’ இரண்டையும் முன்னே ஒட்டினோம். இரண்டாம் முறை ‘டிஸ்’ஸை விழுங்கிவிட்டான், பொருள் தலைகீழாயிற்றே என்று அவனே சிரித்தான். மூன்றாம் முறை தடையின்றி வந்தது.

“வாப்பா தேடுவாங்க, ஹஜ்ரத்” என்று எழுந்தவன், வாசற்படி தாண்டும்வரை அதையே முணுமுணுத்துச் சென்றான்.